பகா எண்ணுக்கு முந்தைய எண்

எண்களைச் சோதிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். மென்பொருளை எப்படி ஓட்டுவது, அறிக்கையை எந்தப் படிவத்தில் அனுப்புவது என்பதெல்லாம் உங்கள் கணினியிலேயே இருக்கும். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. எனக்குத் தெரிந்த படிவங்கள் இப்போது மாறியும் போயிருக்கலாம். அதனால் நான் செய்த ஒரு தப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தப்பு என்றால் கணக்குத் தப்பு இல்லை. நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை இன்றைக்கு எந்தக் கணிதப் பேராசிரியரிடம் கொடுத்தாலும் சரி என்றுதான் சொல்வார். ஒரு வரிகூடப் பொய் கிடையாது. இருந்தும் அந்தத் தாளை நம்பி நாற்பது படகுகள் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தன.

எனக்குச் சொந்த ஊர் கருங்குழி. வீட்டில் நெல் விவசாயம். செங்கல்பட்டில் கணிதம் படித்து, சில வருடம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, சிறுசேரியில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். முப்பது பேர்தான் இருந்தோம். காலையில் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு, அங்கிருந்து கம்பெனி வேன். பக்கத்துக் கட்டடங்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்க்க, நாங்கள் ஒரு மாடியின் பாதியில் உட்கார்ந்து மீன்பிடிப் படகுகளுக்கு ஒரு சின்னப் பெட்டி செய்துகொண்டிருந்தோம்.

அந்தப் பெட்டியின் வேலை எளிமையானது. கரையில் உள்ள எச்சரிக்கை அலுவலகம் அனுப்பும் செய்தியைக் கடலில் இருக்கும் படகுக்குச் சொல்ல வேண்டும். ‘காற்று வருகிறது, திரும்பு.’ ‘எச்சரிக்கை ரத்து.’ இப்படிச் சில செய்திகள்தான். ஆனால் யாரோ ஒருவன் விளையாட்டுக்கோ வினைக்கோ பொய்ச் செய்தி அனுப்பினால் என்ன செய்வது? அதற்காக ஒவ்வொரு செய்தியோடும் ஒரு கையொப்பம் போகும். அது எண்களால் ஆன கையொப்பம். கரை அலுவலகத்தில் ஒரு ரகசிய எண் இருக்கும். அதிலிருந்து கணக்கிட்ட இன்னொரு எண் எல்லாப் பெட்டிகளிலும் இருக்கும். பெட்டியில் இருப்பதை வைத்துக் கையொப்பம் உண்மையா என்று பார்க்கலாம். ஆனால் அதிலிருந்து கரையின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க முடியாது. முடியாது என்பதற்கு ஒரே காரணம், இந்த இரண்டு எண்களுக்கும் அடியில் இருக்கும் ஒரு பெரிய பகா எண். அறுநூற்றுப் பதினேழு இலக்கம். எழுதினால் ஒரு தாளில் பாதியை அடைத்துக்கொள்ளும்.

அந்த எண்ணை நாங்கள் உருவாக்கவில்லை. எங்களுக்கு உதிரிபாகம் தந்த வேறொரு நிறுவனத்திலிருந்து வந்தது. அது உண்மையிலேயே பகா எண்தானா என்று பார்ப்பது என் வேலை.

இவ்வளவு பெரிய எண்ணை யாரும் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். வழக்கமாக நாம் செய்வது சோதனைதான். ஏதோ ஒரு எண்ணை எடுத்துச் சில கணக்குகள் போட்டால், பகா எண்ணாக இருந்தால் இப்படித்தான் விடை வர வேண்டும் என்று இருக்கிறது. வராவிட்டால் அது பகா எண் இல்லை. வந்தால், அநேகமாகப் பகா எண். பல தடவை செய்தால் ‘அநேகமாக’ என்பது மிக மிக உறுதியாகிக்கொண்டே போகும். ஆனாலும் அது நிரூபணம் ஆகாது.

இந்த எண்ணுக்கோ நிரூபணமே கிடைத்தது. எப்படியென்றால், ஒரு எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, வரும் எண்ணை முழுவதுமாகக் காரணிகளாகப் பிரிக்க முடிந்தால், முதல் எண் பகா எண்தான் என்று சந்தேகமில்லாமல் நிறுவிவிடலாம். 31-ஐ எடுத்துக்கொண்டால் அதற்கு முந்தைய எண் 30. அதை 2, 3, 5 என்று பிரிக்கலாம். பெரிய எண்களுக்கு இப்படிப் பிரிக்க வாய்ப்பே அமையாது. இந்த அறுநூற்றுப் பதினேழு இலக்க எண்ணுக்கு அமைந்தது. நூற்றுச் சொச்சம் காரணிகள், எதுவுமே ஆறு இலக்கத்தைத் தாண்டவில்லை. கணினி வரிசையாகத் துப்பிக்கொண்டே வந்தபோது எனக்குப் புல்லரித்தது. பல வருடமாக ‘சோதிக்கப்பட்டது’ என்று எழுதிய கை அன்றைக்கு முதல்முறையாக ‘பகா எண் என்று நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதியது. கையெழுத்துப் போட்டேன். கடப்பாக்கத்தில் நாற்பது படகுகளுக்குப் பெட்டிகள் போயின.

நாலு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை. மறுநாள் மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் செயல்விளக்கம். கடற்கரை ஊர்கள் எல்லாவற்றுக்கும் பெட்டி வாங்குவதா என்று அதிகாரிகள் வந்து பார்த்து முடிவு செய்ய இருந்தார்கள். என் நிரூபணத்தை ஒரு பக்கத்தில் எளிமையாக எழுதித் தரச் சொல்லியிருந்தார் மேலாளர். எழுதி, எனக்கு எதிர் மேசையில் இருந்தவரிடம் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். என் வயதுதான். ஊர் மதுரைப் பக்கம். மனைவிக்கு அணு ஆராய்ச்சி வேலை என்பதால் கல்பாக்கத்தில் குடியிருந்தார். அவர் வேலை எங்கள் எல்லோருடைய கணினி நிரல்களையும் படிப்பது. பாராட்டவே மாட்டார். பிழை இருந்தால் பென்சிலால் ஒரு கோடு, இல்லாவிட்டால் தாள் அப்படியே திரும்பி வரும். அவ்வளவுதான். இந்தத் தாளை அவர் வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு கேட்டார்:

“இதுல பெரிய காரணி எவ்வளவு?”

“ஆறு இலக்கம்.”

“எல்லாமே அதுக்குள்ளதானா?”

“ஆமாங்க. அதனாலதான் நிரூபணம் இவ்வளவு சுத்தமா வந்துச்சு.”

அவர் கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தார். காரணிகள் என்று நான் எழுதியிருந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். எனக்கு விளங்க ஆரம்பித்தது.

உங்களுக்கும் விளங்க ஒன்று சொல்கிறேன். சூட்கேஸில் மூன்று சக்கரம் வைத்த நம்பர் பூட்டு பார்த்திருப்பீர்கள். மூன்றும் ஒரே நேரத்தில் சரியாக இருந்தால்தான் திறக்கும். தெரியாதவன் ஆயிரம் தடவைவரை முயல வேண்டும். அதே பூட்டில் ஒவ்வொரு சக்கரமும் சரியான இடத்துக்கு வந்ததும் தனித்தனியாக ‘க்ளிக்’ என்று சத்தம் போட்டால்? ஒரு சக்கரத்துக்குப் பத்து, மொத்தம் முப்பது முயற்சி போதும். எங்கள் எண்ணும் அப்படித்தான். அதற்கு முந்தைய எண் சின்னச் சின்னக் காரணிகளாக உடைவதால், ரகசியத்தையும் துண்டு துண்டாகக் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு காரணியும் தனியாகச் சத்தம் போடும் ஒரு சக்கரம். எந்தக் குணத்தால் என் நிரூபணம் அத்தனை அழகாக வந்ததோ, அதே குணம்தான் பூட்டைப் பொம்மையாக்கியது.

இதெல்லாம் எனக்குத் தெரியாததா? தெரியும். பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். ஆனால் என் படிவத்தில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: ‘பகா எண்ணா?’ நான் அதற்குப் பிரமாதமாகப் பதில் சொன்னேன். இந்த வேலைக்கு ஏற்ற பகா எண்ணா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லத் தோன்றியது. எதிர் மேசைக்காரர் தடுத்தார்.

“நீங்க சொல்றதும் நான் சொல்றதும் இப்ப சந்தேகம்தான். காட்டிட்டுப் போவோம்.”

“கரையோட ரகசியத்தையே எடுத்துக் காட்டவா?”

“அதத் தொட வேண்டாம். அது நம்ம கையில இருக்கக் கூடாது. நான் புதுசா ஒரு ரகசியம் வைக்கிறேன். இதே பகா எண்ணுல. நீங்க கண்டுபிடிங்க.”

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூட்டு பலவீனமானது என்று காட்டுவதற்கு அடுத்தவர் வீட்டைத் திறக்க வேண்டியதில்லை. அவர் தன் கணினியில் ஏதோ ஒரு பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்து, அச்சிட்டு, கவரில் போட்டு ஒட்டினார். பெட்டியில் இருக்கும் வகையான வெளி எண்ணை மட்டும் எனக்கு அனுப்பினார். நான் நிரலை எழுத ஒரு மணி நேரம் ஆனது. ஓட்டிவிட்டு இருவரும் கீழே டீக்கடைக்குப் போனோம். அன்று காலைச் செய்தியில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகலாம் என்று சொல்லியிருந்தார்கள். கடைக்காரர் அதைப் பற்றித்தான் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது கணினி விடையோடு காத்திருந்தது. அவர் கவரைக் கிழித்தார். நான் வரி வரியாகப் படிக்க அவர் விரலை ஓட்டிச் சரிபார்த்தார். இருபது இலக்கம் தாண்டியதும் நான் நிறுத்திவிட்டேன். அவர் “முழுசாப் படிங்க” என்றார். முழுசும் படித்தேன். ஒரு இலக்கம்கூட மாறவில்லை.

மேலாளர் செங்கல்பட்டுக்காரர். நல்ல மனிதர். ஆனால் மறுநாள் செயல்விளக்கத்தை வைத்துக்கொண்டு இருந்தவரிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்?

“நம்பர் ப்ரைம்தானே மேடம்?”

“ஆமா சார்.”

“உங்க ப்ரூஃப் தப்பா?”

“இல்ல. அதுல ஒண்ணும் தப்பில்ல.”

“அப்பால இன்னா பேஜாரு? நாளைக்கு டெமோவ முடிச்சுக்கினு அடுத்த வாரம் மெதுவா மாத்திக்கலாம். வெளிய யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரத்துல தெரிஞ்சுது சார். ஒரு பெட்டியப் பிரிச்சுப் பார்க்கிற யாருக்கும் அவ்ளோ நேரம்தான் ஆகும்.”

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஜன்னல் பக்கம் போய் நின்றார். “நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர் மேடம் அது. உங்க பேருதான் கெடும்.”

“கெடட்டும். அந்தக் கையெழுத்த நான் வாபஸ் வாங்கறேன். எழுதித் தரேன்.”

அங்கேயே ஒரு தாளை எடுத்து எழுதினேன். எண் பகா எண்தான், ஆனால் இந்த வேலைக்கு உதவாது, என் சான்றிதழைத் திரும்பப் பெறுகிறேன் என்று மூன்று வரி. வீட்டில் மகளின் கல்லூரிப் படிப்பு பாதியில் இருந்தது. வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

அவர் தாளைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு சொன்னதை நான் மறக்க மாட்டேன்: “வேன எடுத்துக்கினு கடப்பாக்கம் போங்க. டெமோல இன்னா சொல்றதுன்னு நான் பாத்துக்கறேன். எவன் திட்டுனாலும் என்னையே திட்டட்டும்.”

எதிர் மேசைக்காரர் அலுவலகத்திலேயே தங்கினார். புது எண்ணைத் தேட வேண்டும். இந்த முறை எங்களுக்கு வேண்டியது எது என்று தெளிவாகத் தெரிந்திருந்தது. ஒன்றைக் கழித்து, இரண்டால் வகுத்தால் வருவதும் பகா எண்ணாகவே இருக்க வேண்டும். 23-ஐப் போல. 22-ஐ இரண்டால் வகுத்தால் 11. அதற்குமேல் உடையாது. இத்தனை பெரிய அளவில் அப்படிப்பட்ட எண்கள் மிக அரிது. அலுவலகத்தில் இருந்த எல்லாக் கணினிகளையும், கணக்குப் பிரிவில் இருந்ததைக்கூட, தேடலில் இறக்கிவிட்டார்.

வேனில் போகும்போது, அந்த எண்ணைத் தந்த நிறுவனத்தின் பொறியாளரைப் போனில் பிடித்தேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மேடம், நீங்க அனுப்புன லிஸ்ட்ல பகா எண்ணா இருக்கணும், நிரூபிக்க முடிஞ்சா நல்லதுன்னு போட்டிருந்தது. சின்னப் பகா எண்களைப் பெருக்கி ஒன்னக் கூட்டிப் பார்த்துக்கிட்டே வந்தா நிரூபிக்கிற மாதிரியே கிடைக்கும். அப்படித்தான் செஞ்சேன்.” என் கோபம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. நான் கேட்டதைத்தான் அவர் செய்து கொடுத்திருக்கிறார். அந்த ‘நிரூபிக்க முடிந்தால் நல்லது’ என்ற வரியை எழுதியதே நான்தான்.

பாலாற்றைத் தாண்டும்போது வானம் மூடியிருந்தது. வேனில் எனக்கு ஒரே யோசனை. பெட்டியை நம்பாதீர்கள் என்று சொன்னால், உண்மையான புயல் எச்சரிக்கை வரும்போதும் நம்ப மாட்டார்கள். நம்புங்கள் என்று விட்டால், பொய்ச் செய்திக்கும் கதவைத் திறந்து வைத்தது போல. இரண்டு பக்கமும் உயிர். எப்படிச் சொல்வது?

கடப்பாக்கத்தில் எங்கள் பெட்டிகளுக்குப் பொறுப்பு கன்னியம்மா. மீன் ஏலம் விடுகிறவர். எந்தப் படகு எப்போது போனது, எப்போது வரும் என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். கரையில் இருப்பவர்களுக்குச் செய்தி சொல்லும் பெட்டியும் அவரிடம்தான். ஏலக் கொட்டகையில் அவரைச் சுற்றி இருபது, இருபத்தைந்து பேர் கூடிவிட்டார்கள். மறைக்காமல் சொன்னேன். எண்ணில் கோளாறு. நான்தான் சரியென்று சொன்னேன். பொய்ச் செய்தி யாராவது அனுப்பினால் பெட்டியால் கண்டுபிடிக்க முடியாது.

“இன்னாமா சொல்ற நீ?” கன்னியம்மா எழுந்தே விட்டார். “நாலு மாசமா பொட்டிய நம்பு, நம்புன்னு நீங்கதான வந்து வந்து சொன்னீங்க? இப்ப பொட்டி பொய் சொல்லும்ன்றியா?”

“பொய் சொல்லும்னு இல்ல. பொய்யும் உண்மையும் அதுக்கு ஒண்ணாத் தெரியும்.”

“ரெண்டும் ஒண்ணுதான் எங்களுக்கு. எங்க வூட்டுக்காரு முந்தாநேத்து போனாரு. இன்னும் கடல்ல கீறாரு. அவருகிட்ட போயி யாரு சொல்வா?”

கொஞ்ச நேரம் ஆளாளுக்குத் திட்டினார்கள். நின்று கேட்டுக்கொண்டேன். இந்த வேலையில் அதுவும் சேர்த்தி. எழுதிய கை போய் நிற்கவும் வேண்டும்.

கூச்சல் அடங்கியதும் நான் கேட்டேன்: “பொய்யா ‘திரும்பி வா’ன்னு வந்தா என்ன ஆகும்?”

“இன்னா ஆவும்? டீசல் வீணு. ஒரு நாள் மீனு போச்சு” என்றார் ஒருவர்.

“பொய்யா ‘எச்சரிக்கை ரத்து’ன்னு வந்தா?”

கன்னியம்மாதான் மெதுவாகச் சொன்னார்: “ஆளு போவும்.”

பிறகு அவரே தொடர்ந்தார். “அப்ப ஒண்ணு செய்யலாம். வான்னு பொட்டி சொன்னா எல்லாம் வந்துரட்டும், கேள்வி கேக்காத. போன்னு சொன்னா மட்டும் நம்பாத. நான் மைக்குல சொன்னாத்தான் போகணும். நான் எச்சரிக்க ஆபீசுக்குப் போன் போட்டு என் காதால கேட்டப்புறம் சொல்றேன். போதுமா?”

போதும். வேன் முழுக்க நான் தேடிக்கொண்டு வந்த பதில் அதுதான். எல்லாத் தப்பும் ஒரே எடை இல்லை. ஒரு பக்கம் ஏமாந்தால் ஒரு நாள் போகும், இன்னொரு பக்கம் ஏமாந்தால் ஆளே போவான். நெருக்கடியில் முழுத் தீர்வு கையில் இல்லாதபோது, எந்தப் பக்கம் ஏமாறலாம் என்றாவது முடிவு செய்யுங்கள். இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை.

மாலையில் எதிர் மேசைக்காரரிடமிருந்து போன். “ஒண்ணு கிடைச்ச மாதிரி இருந்துச்சு. பெரியது பகா எண்தான். பாதியாக்குனா வர்றது இல்ல. தூக்கிப் போட்டுட்டேன்.” மேலாளர் பக்கத்தில் நின்று, அதையே வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டாராம். ஒன்று போய் இன்னொன்றா என்று இவர் திருப்பிக் கேட்டதும் விட்டுவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை காலை எண் கிடைத்தது. அவர் ஒரு நிரலிலும், நான் கடப்பாக்கத்தில் மடிக்கணினியில் முற்றிலும் வேறொரு நிரலிலும், தனித்தனியாகச் சோதித்தோம். இரண்டும் ஒத்துப்போயின. இந்த எண்ணுக்கு முழு நிரூபணம் வேண்டுமென்றால் நாள்கணக்கில் கணினியை ஓடவிட வேண்டும். ஓடவிட்டோம், பிறகு நிரூபணம் வரவும் வந்தது. ஆனால் அன்றைக்குக் காத்திருக்க நேரமில்லை. புதுச் சான்றிதழில் ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுத முடியாது. ‘சோதிக்கப்பட்டது’ என்று பழையபடி எழுதினேன். நிரூபணம் இருந்த எண் உதவாமல் போனது, வெறும் சோதனை மட்டும் இருந்த எண் படகில் ஏறியது.

எச்சரிக்கை அலுவலகத்தில் புது ரகசியம் வைத்தார்கள். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கம்பி இணைத்து மாற்ற வேண்டும். கரையில் இருந்த படகுகளில் ஏறி இறங்கினேன். நண்பகலுக்கு முன்பே காற்று மாறிவிட்டது. உண்மையான எச்சரிக்கை வந்தது.

அப்போது ஒன்பது படகுகள் கடலில் இருந்தன. ஒன்பதிலும் பழைய எண். புது எண்ணில் கையொப்பமிட்டு அனுப்பினால் அந்தப் பெட்டிகள் ஏற்காது. பழைய எண்ணில் அனுப்ப வேண்டுமென்றால், உதவாது என்று நானே எழுதிக் கொடுத்த எண்ணை நானே பயன்படுத்தச் சொல்ல வேண்டும். மேலாளர் மாமல்லபுரத்திலிருந்து போனில் கேட்டார், “இன்னா மேடம் செய்யலாம்? சீக்கிரம் சொல்லுங்க.”

“ரெண்டுலயும் அனுப்பச் சொல்லுங்க சார். திரும்பி வான்ற செய்திதானே. பழசுலயே போகட்டும்.”

பெட்டி உண்மையைத்தான் சொல்லப் போகிறது. அது உண்மை என்று அதனால் காட்ட முடியாது, அவ்வளவுதான். ஒரு மாலைக்கு அது போதும்.

கன்னியம்மா நோட்டோடு கரையிலேயே நின்றார். ஒவ்வொரு படகாக வர வர ஒரு கோடு போட்டார். எட்டுக் கோடு விழுந்தது. ஒன்பதாவது அவர் கணவர் முருகேசனுடையது. அலை ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அந்தப் படகு தெரிந்தபோது அவர் கோடு போட மறந்துவிட்டார்.

முருகேசன் நனைந்துபோய் இறங்கினார். “பொட்டி கத்திச்சு. வலைய இழுத்துப் போட்டுக்கினு வந்துட்டேன். லேட்டாயிடுச்சு.” அவருக்கு எங்கள் கூட்டமும் தெரியாது, எண்ணும் தெரியாது, அந்தப் பெட்டியை நம்பக் கூடாது என்பதும் தெரியாது. முழு நம்பிக்கையோடு வந்து சேர்ந்திருந்தார். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை. படகு மறைவில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

செயல்விளக்கம் நடக்கவில்லை. மேலாளர் அதிகாரிகள் முன் எழுந்து, எங்கள் பெட்டியில் ஒரு குறை கண்டுபிடித்தோம், சரிசெய்துவிட்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தார். பெட்டி வாங்கும் அந்த ஆணை எங்களுக்குக் கிடைக்கவில்லை. சான்றிதழில் கையெழுத்திடும் பொறுப்பை என்னிடமிருந்து ஒரு வருடம் எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். அந்த வருடத்தில் நான் படிவத்தைத் திருத்தினேன். இப்போது நீங்கள் நிரப்பும் படிவத்தில் ‘பகா எண்ணா?’ என்பதற்குக் கீழே ‘எதற்காக?’ என்று ஒரு கட்டம் இருந்தால், அது அங்கிருந்து வந்தது. அதைக் காலியாக விட்டுவிட்டு யாரும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த நாலு மாதத்தில் யாரும் பொய்ச் செய்தி அனுப்பவில்லை. பதிவுகள் முழுவதையும் பார்த்தோம். பூட்டை ஒருவரும் தொட்டிருக்கவில்லை. பின்னால் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார், ஒன்றும் நடக்காததற்கா ஒரு ஆணையை இழந்தோம் என்று. உங்களிடமும் கேட்பார்கள். நடக்காத ஒன்றை வைத்து நீங்கள் செய்தது சரி என்று யாருக்கும் காட்ட முடியாது. அந்தத் திருப்தியை எதிர்பார்த்து இந்த வேலைக்கு வராதீர்கள். அதே வியாழக்கிழமை மறுபடி வந்தால் அதே மூன்று வரியைத்தான் எழுதுவேன் என்று அவரிடம் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன்.

கடல் அடங்க இரண்டு நாள் ஆனது. திங்கட்கிழமை காலை முருகேசனின் படகுதான் கடைசி. அவர் வலையை அடுக்கிக்கொண்டிருக்க, நான் பெட்டியில் கம்பியை இணைத்துப் புது எண்ணை ஏற்றினேன். இதற்குள் கன்னியம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

“பழைய நம்பரையும் சரின்னுதான சொன்னீங்கோ?” என்றார்.

“ஆமா.”

“இது சரியா?”

“எனக்குக் கேக்கத் தெரிஞ்ச கேள்வியெல்லாம் கேட்டுட்டேன். இன்னொருத்தரும் தனியா கேட்டுட்டாரு. இனிமே புதுசா ஏதாவது கேள்வி தோணுச்சுன்னா, மொதல்ல உங்ககிட்டதான் வந்து சொல்லுவேன்.”

அவர் வலையின் கடைசி மடிப்பைப் போட்டார். பிறகு கரையைப் பார்த்தார். கன்னியம்மா மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு எச்சரிக்கை அலுவலகத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்து, ஒலிபெருக்கியில் சொன்னார்:

“எச்சரிக்க ரத்து. போலாம்.”

நான் இறங்கிக்கொண்டேன். நாலு பேர் படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள்.